வியாழக்கிழமைகளில் திறக்கும் வான்கதவு

ஸ்கேன் மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். காலையில் மெஷினின் மேல் கிடக்கும் துணியை எடுப்பதும், பின்னேரம் அதே துணியால் மூடுவதும்தான் எனக்கும் அதற்கும் இருந்த உறவு. உள்ளே நடந்தது டொக்டரின் பாடு. வெளியே விறாந்தையில் நடந்தது என் பாடு. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற தம்பிமார், தங்கச்சிமார், உங்களுக்கும் முதலில் விறாந்தைதான் கிடைக்கும். அதனால் விறாந்தைக் கதையையே எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. கல்முனைக்குடியில் பள்ளிவாசலை அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து அந்தக் கிளினிக்கை நடத்தினார்கள். வியாழக்கிழமைகளில் மட்டும் ஸ்கேன். டொக்டர் மட்டக்களப்பிலிருந்து காரில் வருவார். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, வந்து சேரும்போது உச்சி வெயிலாகிவிடும். றோட்டை மூடுவதற்கு முன் திரும்பியும் போக வேண்டும். இடையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் மாவடிப்பள்ளி, நாவிதன்வெளி, பாண்டிருப்பு என்று எல்லா ஊர்ச் சிறுநீரகங்களையும் பார்த்து முடிக்க வேண்டும்.

சிறுநீர்ப்பை நிரம்பி இருந்தால்தான் படம் தெளிவாக விழும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பதும், முட்டிவிட்டதா என்று கேட்பதும் என் வேலை. என்னைப்போன்ற கூச்சக்காரனுக்கு இதைவிடக் கொடுமையான வேலை வேறு கிடையாது. பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்க என் வாய் திறக்கவே மாட்டாது. தண்ணீர்ச் செம்பைக் காட்டிவிட்டு முகட்டைப் பார்ப்பேன். அவர்களும் முகட்டைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். முகட்டில் ஒரு பல்லி இருந்தது. அதற்குத்தான் எல்லோருடைய நிலைமையும் தெரியும்.

பெயர் கூப்பிடுவதும் அப்படித்தான். சத்தம் வெளியே வராது. கிட்டப் போய்த் தோளில் தட்டி, "நீங்கதான்" என்பேன்.

"இவர் பேர் கூப்பிர்றாரா, ரகசியம் சொல்றாரா?" என்று விறாந்தையில் சிரிப்பார்கள்.

ஆரம்பத்தில் வந்த ஒரு வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டொக்டர் வந்து இறங்கினார். விறாந்தையில் இருந்த ஆண்கள் எல்லோரும் காலை இறுக்கிக்கொண்டு, நெற்றி வியர்க்க, பேச்சுமூச்சில்லாமல் நிறைந்து போய் இருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. டொக்டர் கைகழுவிக்கொண்டிருந்தபோது பள்ளிவாசலில் ளுஹருக்கு, நடுப்பகல் தொழுகைக்கு, பாங்கு சொன்னது. ஒருவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு தலையில் தொப்பியும் முகத்தில் நிம்மதியுமாகத் திரும்பி வந்து அதே இடங்களில் உட்கார்ந்தார்கள்.

முதல் ஆளைப் படுக்க வைத்தார் டொக்டர். பார்த்தார். இரண்டாவது ஆளையும் பார்த்தார். மூன்றாவது ஆளோடு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார்.

"என்ன தம்பி இது? தண்ணி குடுத்த நீரா?"

"குடுத்தன் டொக்டர்."

"எங்க தம்பி அந்தத் தண்ணி? எல்லாம் வறண்ட குளமாக் கிடக்கு!"

மாவடிப்பள்ளி விவசாயி ஒருவர் மிகுந்த மரியாதையோடு எழுந்து நின்றார். "அது டொக்டர், அடக்கிக்கிட்டுத் தொழுறது நல்லமில்ல. கைகால் கழுவி வுழூ எடுக்கக்குள்ள போயிட்டுத்தான் வந்த."

"எல்லாருமா?"

"ஓம். எல்லாரும்தான். பள்ளியில கியூ நிண்ட."

டொக்டர் மட்டக்களப்புத் தமிழர். குளமும் வயலும் உள்ள இடத்துப் பிள்ளை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப உங்கட ஊர்க் குளத்து வான்கதவு டெய்லி இந்த நேரத்துக்குத்தான் திறக்கிறயோ?"

அன்றிலிருந்து ஒரு ஒழுங்கு செய்தேன். பாண்டிருப்பு, காரைதீவுத் தமிழாட்களையும், பள்ளிக்குப் போகாத எங்கள் பெண்களையும் ளுஹர் நேரத்துக்கு நிரப்பி வைப்பேன். எங்கள் ஆண்களுக்குத் தொழுது வந்த பிறகுதான் தண்ணீர். ஓரளவுக்குச் சரிவந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் சரிவரவே இல்லை. பாங்கு சொல்லுகிற மோதினாருக்குத்தான்.

அவர் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கிளினிக்கின் பின்பக்கம், பள்ளிவாசல் மதிலைப் பார்த்த மாதிரி ஒரு கதவு உண்டு. ஒரு வியாழக்கிழமை காலை அதை யாரோ சுரண்டினார்கள். திறந்தேன். வெயிலே இல்லாத நேரத்தில் தலையை மூடித் துவாயைப் போர்த்திக்கொண்டு மோதினார் நின்றார். கையில் ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டு.

"யாரும் இரிக்காங்களா?"

"முன்னால இரிக்காங்க காக்கா," என்றேன் அண்ணன் முறை வைத்து.

"அப்ப நான் வரல்ல. நீ என்னக் காணல்ல. விளங்கினா?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, மெஷின் அறைக்குப் பக்கத்தில் இருந்த சாமான் அறையில் உட்கார்ந்துகொண்டார்.

நாரியில், இடுப்புக்குப் பின்னால், குத்துகிற நோவு. சிறுநீரில் இரத்தம். கல் ஒன்று இறங்கி வழியை அடைத்திருக்கலாம், படம் பார்க்காமல் கைவைக்க ஏலாது, சுணங்கினால் சிறுநீரகம் கெட்டுப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவருடைய பயம் வேறு.

"தம்பி, சில நேரம் எனக்குத் தெரியாமலே சொட்டுது. உடுப்ப மாத்திக்கிட்டுத்தான் பள்ளிக்குள்ள போற. இது பெரிய மரைக்காருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவார்? சுத்தமில்லாத ஆள் பள்ளிக்குள்ள நிக்கப்படாதெண்டு நாளைக்கே அனுப்பிப் போடுவார். அவர்ர மருமகன் இரிக்கானே, அவன் இப்பவே தொண்டையச் செருமிக்கிட்டுத் திரியிறான்."

பெரிய மரைக்கார் பள்ளிவாசல் நிர்வாகத்தில் மூத்தவர். அவருடைய மருமகன் செருமுவதை நானும் கேட்டிருக்கிறேன். தேநீர்க் கடையில், சந்தையில், எங்கே மோதினாரைக் கண்டாலும் செருமுவான். மோதினாருக்கு ஒரு தடிமன் வந்தால் போதும் என்று காத்திருந்த குரல் அது. மோதினாருக்கோ அந்தக் குரலைத் தவிர உலகத்தில் வேறு சொத்து இல்லை. அவர் பாங்கு சொன்னால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடியே நின்று கேட்பார்கள்.

முதல் வியாழன், காலையிலிருந்து குடித்து அவர் நிரம்பிய நேரமும் பாங்கு நேரமும் ஒன்றாக வந்து சேர்ந்தன. பின்கதவால் ஓடினார். அன்றைக்குச் சொன்ன பாங்குதான் கல்முனைக்குடி கேட்டதிலேயே வேகமான பாங்காக இருக்கும். வெறும் சிறுநீர்ப்பையோடு திரும்பி வந்தார். ளுஹருக்குக் கொட்டிவிட்டால் அவருக்கு மறுபடி நிரம்பப் பின்னேரத்து அஸர் நேரம் ஆகிவிடும். டொக்டர் அப்போது மட்டக்களப்பில் இருப்பார்.

அடுத்த வியாழன், அடக்கிக்கொண்டே பாங்கைச் சொல்லிவிட்டு அப்படியே வந்து படுப்பது என்று முடிவு செய்தோம். பாங்கு சொல்வது வாயால் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். அடிவயிறு ஏற்கெனவே வேறொரு காரியத்தில் இருந்தது. இழுத்து நீட்ட வேண்டிய இடத்தில் அவர் நீட்டவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு சின்ன முனகல் கேட்டது. பிறகு பாங்கு எப்படியோ முடிந்தது. அவர் திரும்பி வரவே இல்லை.

பின்னேரம் அவரைத் தேடிப் போனேன். துவைத்த சாரன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதற்குப் பின்னால் இருந்தார்.

"மரைக்கார் கேட்டார், ஏன் குரல் ஒரு மாதிரி எண்டு. தடிமன் எண்டன்."

"மருமகன்?"

"செருமினான்."

மூன்றாவது வியாழன்தான் நான் சொல்ல வந்தது. டொக்டர் பிந்தி வந்தார். வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "தம்பி, இண்டைக்கு விட்டா இனி ஒரு மாசத்துக்கு நான் இல்ல. வெளிநாட்டில படிப்பொண்டு. அவசரமான ஆக்கள முதல்ல விடும்."

சாமான் அறையை எட்டிப் பார்த்தேன். மோதினார் வாளிகளுக்கு நடுவில் ஒரு பக்கமாகச் சரிந்து, இரண்டு கையாலும் வாங்குப் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவு நோவில் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. இன்றைக்குப் படம் எடுக்காவிட்டால் ஒரு மாதம். ஒரு மாதத்தில் அந்தச் சிறுநீரகம் என்னவாகும் என்று சொல்ல யாரும் தேவையில்லை. பாங்குக்கோ சொற்ப நேரம்தான் இருந்தது. மெஷின் சூடாகி வரவே அந்த நேரம் போய்விடும்.

"நான் போறன் தம்பி," என்று எழும்பப் பார்த்தார். "நான் போகாட்டி அவன் மைக்கப் பிடிச்சிருவான். பிடிச்சா விடமாட்டான்."

"இரிங்க காக்கா. வேற ஆளுக்கிட்டச் சொல்லுவம்."

"யாருக்கிட்டச் சொல்லுற? ஏன் எதுக்கெண்டு கேப்பானுகள். என்ட விசயம் தெரிஞ்ச ஆள் நீ மட்டும்தான்."

அதைச் சொன்ன பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நான் சொல்றன்," என்றேன்.

"நீயா?" அந்த நோவுக்குள்ளும் அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே தொடையை இறுக்கிக்கொண்டார். "மனே, சிரிப்புக் காட்டாத, ஊத்திரும். நோயாளிட பேரக் கூப்பிடவே உனக்குச் சத்தம் வாறல்ல."

அவரைப் பிடித்துக்கொண்டுபோய் மெஷின் கட்டிலில் படுக்க வைத்தேன். "டொக்டர், இவர முதல்ல பாருங்க. சுணங்க ஏலா," என்றேன். பின்கதவால் இறங்கி மதில் ஓரமாக ஓடினேன்.

யோசித்து எடுத்த முடிவு என்று இதை யாரும் நினைத்துவிடாதீர்கள். யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

வுழூ எடுத்துக்கொண்டு உள்ளே போனால், மைக்குக்கு முன்னால் மருமகன் நின்றான். கடிகாரத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தான். செருமி முடித்துவிட்டான் என்று நினைக்கிறேன், குரல் நல்ல பதத்தில் இருந்தது.

"எங்க மோதினார்? நேரம் சரி," என்றான்.

ஆட்களோடு வாக்குவாதப்பட எனக்குத் தெரியாது. கூச்சம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டிக்கொண்ட நாக்குத்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. அவனுக்குப் பதில் சொல்லப் பயந்து, பதிலுக்குப் பதிலாக, காதில் கையை வைத்துக்கொண்டு பாங்கைத் தொடங்கிவிட்டேன். தொடங்கிய பாங்கை யாரும் நிறுத்த முடியாது. அவன் திறந்த வாயைத் திறந்தபடி வைத்திருந்தான்.

வார்த்தையில் ஒரு பிழையும் விடவில்லை. அதை மரைக்காரே பிறகு ஒத்துக்கொண்டார். பிழைத்தது இராகம். நான் என் வாழ்நாளில் சத்தம் போட்டது ஒரே ஒரு இடத்தில்தான். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நாவிதன்வெளிக் களங்களில் நெல் உதிர வாப்பாவோடு சூடு மிதிக்கப் போவேன். எருமைகளைக் கட்டி வட்டமாக நடத்திக்கொண்டு, அவை நிற்காமல் இருக்கப் பொலிப் பாட்டுப் பாடுவோம். அங்கே மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது, கேட்பது எருமைகள்தானே. பள்ளிவாசலில் கண்ணை மூடிக்கொண்டு குரலைத் தேடினேன். கிடைத்தது அந்த ஒரு குரல்தான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது தானாக வளைந்து, வட்டம் சுற்றி, களத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இனி நடந்தது நான் பார்க்காதது. டொக்டர் சொன்னது.

கட்டிலில் மோதினார் கண்ணை மூடிக் கிடந்தாராம். டொக்டர் கருவியை அடிவயிற்றில் வைத்து, "ஆஹா, இப்பிடி ஒரு நிறைஞ்ச குளத்த நான் இஞ்ச கண்டதே இல்ல," என்று சந்தோஷப்பட்டாராம். அந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் என் சத்தம். மோதினார் ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தார். வயிறு குலுங்கத் தொடங்கியது.

"ஐயா, ஆடாதயும். படம் ஆடுது."

"ஏலா டொக்டர்."

"மூச்சப் பிடியும்!"

"பிடிச்சா ஊத்திரும் டொக்டர்!"

"அப்ப விடாதயும்! அந்தா, கல்லு தெரியுது. சிறுநீரகம் வீங்கிக் கிடக்கு. குழாய் வந்து பைக்குள்ள இறங்கிற இடத்தில, வாசல்லயே குந்திக்கொண்டு இருக்கு. இன்னும் கொஞ்சம், ஐயா, கொஞ்சம்..."

படம் விழுந்தது. அதற்குப் பிறகு நான் கடைசி வரியை இழுத்தேன் போலிருக்கிறது. மோதினாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கட்டிலைத் துடைத்த வேலையும் எனக்குத்தான் வந்தது.

விறாந்தையில் இருந்தவர்களுக்கு உள்ளே யார் என்று தெரியாது. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு ஆளும் டொக்டரும் சேர்ந்து கெக்கட்டமிட்டுச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பி வந்தபோது அந்த மாவடிப்பள்ளி விவசாயி என் கையைப் பிடித்தார். மறுபடி பார்க்க வரச் சொன்னபடியால் வந்திருந்தார். தண்ணீரும் நான் கொடுக்காமலே குடித்திருந்தார்.

"தம்பி, உள்ள சிரிச்சாங்களே, அது என்ன ஸ்கேன்? எனக்கும் அதையே எடுக்கச் சொல்லு."

"எல்லாம் ஒரே ஸ்கேன்தான். நீங்க தொழப் போகல்லயா?"

"இன்னும் பாங்கு சொல்லல்லயே?" என்றார். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்த பிறகு, "அதா பாங்கு? அல்லாஹ்! யாரோ மைக்கில சூடு மிதிக்கிறாங்க எண்டெல்லோ நினைச்சன்," என்றார். மெல்ல எழும்பப் போனவரை டொக்டரே வந்து உள்ளே இழுத்துக்கொண்டார். விறாந்தை கலையாமல் இருந்த முதல் வியாழன் அது. படம் எடுத்த பிறகு ஒவ்வொருவராகப் போய்த் தொழுதார்கள்.

ஆனால் என் பாடு இன்னும் முடியவில்லை. தொழுகை முடிந்ததுமே பெரிய மரைக்கார் என்னைப் பள்ளி வாசலில் மறித்திருந்தார். பக்கத்தில் மருமகன்.

"தம்பி, பாங்கு சொன்ன நீதானே? மோதினார் எங்க?"

இதுதான் இடம், கவனியுங்கள். பொய் சொல்ல எனக்கு மனமில்லை, அதுவும் பள்ளி வாசலில். உண்மையைச் சொன்னால் அந்த மனிதனின் பிழைப்புப் போய்விடும். நோயாளி நம்மிடம் சொன்னது அவருடைய சொத்து, அதை எடுத்துச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. என்னிடம் இருந்த சொந்தச் சொத்து என் மானம் மட்டும்தான். அதை எடுத்தேன்.

"எனக்குச் சொல்லோணும் போல இரிந்திச்சு. நான் சொல்றன் எண்டு காக்காக்கிட்டச் சொன்னன். அவர் மறிக்கல்ல," என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது.

மரைக்கார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கா? ஆசையா?"

"ஓம்."

"அந்தக் குரல வெச்சுக்கிட்டா?"

"ஓம்."

மருமகன் சிரித்தான். அடுத்த நாள் காலை சந்தையில் எனக்குப் பெயர் வைத்தாயிற்று. "பொலி மோதின் வாறார், எருமைகளப் பிடிங்க!" என்றார்கள். மீன் வாங்கப் போன இடத்தில் விலை கேட்காமலே திரும்பி வந்தேன்.

அன்று பின்னேரம் மோதினார் பின்கதவைச் சுரண்டினார். துவாய் தோளில் இருந்தது. தலையை மூடவில்லை. படத்தைப் பார்த்த ஆஸ்பத்திரி டொக்டர் கண்டிக்குப் போகச் சொல்லிவிட்டாராம். கல்லை எடுத்து உடம்பு தேற மூன்று கிழமை, இருபத்தொரு நாளாவது ஆகும். சொட்டுவதும் நின்றுவிடும்.

"போங்க காக்கா. ஆனா மருமகன்?"

"அதுக்குத்தான் வந்த." அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு கள்ளச் சிரிப்பு இருந்தது. "மோதினார் ஊருக்குப் போனா பதில் ஆள வெச்சிட்டுப் போறது மோதினார்ர உரிமை. மரைக்காருக்கிட்டச் சொல்லிட்டன், கண்டியில மகளப் பாக்கப் போறன் எண்டு. பதில் ஆள் நீ எண்டும் சொல்லிட்டன்."

"நானா? காக்கா, ஊர் என்ன அடிச்சுப் போடும்!"

"மருமகன்ட குரல் நல்ல குரல், மனே. மூணு கிழம அத ஊர் கேட்டா என்ன மறந்திரும். உன்ட குரலக் கேட்டா மறக்குமா?"

அந்த மூன்று கிழமையையும் நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். ஐந்து நேரமும் போனேன். இராகத்தைத் திருத்தப் பார்த்தேன், திருத்தத் திருத்த அது இன்னும் நல்ல பொலியாக வந்தது. முதல் கிழமை சிரித்தார்கள். இரண்டாம் கிழமை சிரிப்பை விட்டுவிட்டார்கள். "மகள்ர வீட்டுக்குப் போன மனிசன் அங்கயே இரிந்திருவாரோ?" என்று விறாந்தையில் பெண்கள் முகட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். மருமகன் இருமுறை மைக்கை நெருங்கினான், மரைக்கார் கையைக் காட்டி நிறுத்தினார். வழக்கத்தை மாற்றினால் நாளைக்கு நிர்வாகத்தில் தான் வைக்கிற பதில் ஆளையும் மாற்றச் சொல்வார்கள் என்ற யோசனை அவருக்கு. மூன்றாம் கிழமை அவரே கிளினிக் வாசலுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, மோதினார்ர மகள்ர விலாசம் தெரியுமா? ஆள் அனுப்பி அவரக் கூட்டிக்கிட்டு வாறன். செலவ நான் பாக்கன்."

"வந்திருவார் ஹாஜியார்," என்றேன். "எல்லாம் சுகமாகிக்கிட்டு இரிக்கு."

டொக்டர் வெளிநாட்டிலிருந்து திரும்பிய முதல் வியாழன். ஒரு மாதமாகத் தேங்கிய கூட்டம் விறாந்தையில் நிறைந்திருந்தது. காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஆண்களும் முன்கூட்டியே குடித்துவிட்டிருந்தார்கள். முதல் ஆளின் பெயரைக் கூப்பிட்டேன். மூன்று கிழமை மைக் பிடித்ததில் சத்தம் வாசல் வரைக்கும் போனது, எல்லோரும் திடுக்கிட்டார்கள்.

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. மோதினார் முதல் நாள் பின்னேரம்தான் கண்டியிலிருந்து வந்திருந்தார். மூச்சு அடிவயிற்றிலிருந்து எழும்பி, தங்கு தடையில்லாமல், நீட்ட வேண்டிய இடமெல்லாம் நீண்டு வந்தது. விறாந்தையில் ஒருவரும் அசையவில்லை. மாவடிப்பள்ளி விவசாயி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

டொக்டர் கதவைத் திறந்து, வெறும் வாங்குகளையும் வெறும் செம்புகளையும் பார்த்தார்.

"என்ன தம்பி, வான்கதவு திறந்திற்றா?"

"ஓம் டொக்டர்," என்றேன். "இண்டைக்கு மட்டும் போக விடுங்க."